1867 ஒன்ராறியோ சட்டசபைப் பட்டியல்: கட்சி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

வடலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவின் முதல் சட்டசபையில், 1867இல், இருந்த 82 உறுப்பினர்களின் பட்டியலைத் தமிழில் எழுதி இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஏற்ற முயன்றுகொண்டிருக்கிறேன்.

தொடங்கி வைத்தது என் மகள். பள்ளிக்கூடத்தால் வந்தவள், "நம்முடைய மாகாணத்தின் முதலாவது முதல்வர் யார் அம்மா?" என்று கேட்டாள். மக்டொனால்ட் என்றேன். எந்த மக்டொனால்ட் என்றாள். பத்து டொலர் தாளில் இருந்தவர் என்றேன். அன்றிரவு தேடிப் பார்த்தபோதுதான் அது பிழை என்று தெரிந்தது. தாளில் இருந்தவர் ஜோன் ஏ. மக்டொனால்ட், கனடாவின் முதல் பிரதமர். ஒன்ராறியோவின் முதல் முதல்வர் ஜோன் சான்ட்ஃபீல்ட் மக்டொனால்ட், முற்றிலும் வேறு ஆள். அவரைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி தேடினேன், அகப்படவில்லை. அதனால் நானே எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

பெயர், தொகுதி என்ற இரண்டு நிரல்களும் முடிந்துவிட்டன. மூன்றாவது நிரல் கட்சி. அதில் முதல் வரியிலேயே நிற்கிறேன். சான்ட்ஃபீல்டை ஓர் இடத்தில் லிபரல் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் கூட்டணி என்கிறார்கள். வேறு சிலருக்கு எதிரே "லிபரல்-கொன்சர்வேட்டிவ்" என்று இருக்கிறது. ஒரே ஆள் எப்படி இரண்டுமாக இருக்க முடியும்? தட்டச்சுப் பிழை என்று முதலில் நினைத்தேன். பத்துப் பதினைந்து பேருக்கு அப்படியே வந்தபோது அது பிழை அல்ல என்று விளங்கியது.

இன்னும் இரண்டு கேள்விகள். தேர்தல் முடிவு லிபரல் 41, கொன்சர்வேட்டிவ் 41 என்று போட்டிருக்கிறது. சரிசமம் என்றால் அந்த அரசாங்கம் நான்கு வருடத்துக்கு மேல் எப்படி நின்றது? அடுத்தது, கோர்ன்வோல் தொகுதியின் சான்ட்ஃபீல்ட், லண்டன் தொகுதியின் ஜோன் கார்லிங், தெற்கு பிராண்டின் எட்மண்ட் பேர்க் வூட் ஆகியோர் ஒட்டாவாவின், அதாவது கனடா நாடாளுமன்றத்தின், பட்டியலிலும் இருக்கிறார்கள். அதே ஆட்கள்தானா, பெயர் ஒற்றுமையா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிழையான ஒன்றைத் தமிழில் ஏற்றிவிட்டால் அதைத் திருத்த இன்னொருவர் வரப் பல வருடங்கள் ஆகும். அதுதான் என் பயம்.


ஏரிக்கரை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். அதே ஆட்கள்தான் அக்கா. அந்தக் காலத்தில் ஒருவர் ஒட்டாவா நாடாளுமன்றத்திலும் ரொறன்ரோவில் கூடும் மாகாணச் சட்டசபையிலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்கலாம். 1867இல் இரண்டு தேர்தல்களும் சேர்ந்தே நடந்தன. எட்வேர்ட் பிளேக் ஒட்டாவாவுக்கு மேற்கு டேராமில் இருந்தும் ரொறன்ரோவுக்குத் தெற்கு புரூஸில் இருந்தும் போனார்; இரண்டும் வேறு வேறு மூலைகளில் இருக்கும் தொகுதிகள்.

கூட்டங்களையும் அதற்கு ஏற்றபடிதான் வைத்தார்கள். ஒட்டாவாவில் நவம்பர் 6ஆம் திகதி தொடங்கியதைக் கிறிஸ்மஸுக்கு முன் ஒத்திவைத்துவிட்டு, இங்கே ஃப்ரண்ட் வீதிக் கட்டடத்தில் டிசம்பர் 27ஆம் திகதி முதல் கூட்டத்தைத் திறந்தார்கள். 1872இல் ஒன்ராறியோ சட்டம் கொண்டுவந்து இந்த இரட்டை உறுப்புரிமையை நிறுத்தியது.


பழைய ஏடு எழுதியது:

பிள்ளைக்கு வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு நான்கு குளிர்காலங்களை நூலகத்தின் மைக்ரோஃபிலிம் இயந்திரத்துக்கு முன்னால் கழித்தவன் நான். அந்தக் காலத்துக் குளோப் பத்திரிகையில் சட்டசபைச் செய்திகளை மட்டும் வாசித்து வந்தேன். நீங்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் மூன்றாவது நிரல் 1867இல் இருந்ததே இல்லை. பெயரும் தொகுதியும் அன்றைய அரசாங்கப் பதிவில் உள்ளவை. கட்சி என்பது பின்னால் வந்தவர்கள் பத்திரிகைகளையும் வாக்களிப்புக் கணக்கையும் பார்த்து ஒட்டிய சீட்டு. ஒட்டியவர் எந்த வருடத்து நடத்தையைப் பார்த்து ஒட்டினாரோ அதற்கேற்ப சீட்டும் மாறும். உங்களுக்கு மூன்று பெயர்கள் கிடைத்ததன் காரணம் இதுதான்.

அன்று வாக்களித்த விதத்தை நினைத்துப் பாருங்கள். வாக்குச்சீட்டு கிடையாது. சொத்துத் தகுதி உள்ள ஆண், வாக்களிப்பு நடக்கும் இடத்துக்குப் போய், எழுதுபவருக்கு முன்னால் நின்று, தன் பெயரைச் சொல்லி, யாருக்கு வாக்கு என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைப் புத்தகத்தில் பதிவார். இரு பக்கத்து ஆட்களும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். காணி குத்தகைக்குத் தந்தவர் நிற்பார், கடன் தந்த கடைக்காரர் நிற்பார். சொன்னது ஓர் ஆளின் பெயர், கட்சியின் பெயர் அல்ல. மாகாணத் தேர்தலில் இரகசிய வாக்குச்சீட்டு முதன்முதலில் பயன்பட்டது 1875இல். ஒரேயொரு புறநடை சொல்லத்தக்கது: வடக்கே அல்கோமா தொகுதியில் சொத்துத் தகுதி பார்க்கவில்லை, 21 வயது நிரம்பிய வீட்டுத்தலைவரான பிரித்தானியக் குடிமகன் யாரும் வாக்களிக்கலாம் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். காட்டுக்குள் நிலம் பிரிக்கப்படாத இடத்தில் சொத்துக் கணக்கு எங்கிருந்து வரும்?

இனி "லிபரல்-கொன்சர்வேட்டிவ்". இது பிழையுமல்ல, இரண்டு கட்சியில் இருந்ததும் அல்ல. ஒரே கட்சியின் பெயர். 1854இல், இன்றைய ஒன்ராறியோவும் (அன்று மேல் கனடா) கியூபெக்கும் (கீழ்க் கனடா) ஒன்றாக இருந்த பழைய கனடா மாகாணத்தில், சேர் அலன் மக்நாப்பின் டோரிகளும் (பழைமைவாதிகள்) நடுநிலையான சீர்திருத்தக்காரர்களும் கீழ்க் கனடாவின் மோரன் தலைமையிலான பிரெஞ்சு உறுப்பினர்களும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள். அந்தச் சேர்க்கையில் இருந்து வளர்ந்த கட்சிக்கு இந்தப் பெயர் நின்றுவிட்டது. ஜோன் ஏ. மக்டொனால்டின் கட்சியும் இதுதான். ஆகவே அந்தப் பெயரைக் கண்டால் கொன்சர்வேட்டிவ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில் இருந்தவர்களைச் சீர்திருத்தக்காரர் என்றும், அவர்களில் கடும்போக்கினரை கிறிட் என்றும் சொன்னார்கள். லிபரல் என்ற சொல்லும் புழக்கத்தில் இருந்தது. உங்கள் பட்டியலில் இந்த மூன்று சொற்களும் ஒரே பக்கத்து ஆட்களுக்கு வந்தால் குழம்ப வேண்டாம்.

சான்ட்ஃபீல்டுக்கு வருகிறேன். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். 1812இல் கிளென்கரியில் பிறந்த ஸ்கொட்டிஷ் கத்தோலிக்கர், வழக்கறிஞர், கோர்ன்வோலில் வீடு. நெடுங்காலமாகத் தன்னைச் சீர்திருத்தக்காரர் என்றே சொல்லிக்கொண்டவர். 1862 முதல் 1864 வரை பழைய கனடா மாகாணத்தின் இணைப் பிரதமராக இருந்தவர். ஆனால் சீர்திருத்தக்காரரின் பெருந்தலையான ஜோர்ஜ் பிரவுணோடு அவருக்கு ஒத்துவரவில்லை. மேல் கனடாவில் மக்கள்தொகை கூடிவிட்டது, அதற்கேற்ப ஆசனமும் கூட வேண்டும் என்பது பிரவுணின் முழக்கம். இரண்டு பகுதிகளிலும் தனித்தனியே பெரும்பான்மை உள்ள அரசே ஆள வேண்டும் என்பது சான்ட்ஃபீல்டின் பிடிவாதம். மாகாணங்களைச் சேர்த்து 1867இல் கனடாவை உருவாக்கிய கூட்டாட்சி இணைப்பையே அவர் எதிர்த்தார். எதிர்த்தவரைத்தான் அந்த இணைப்பில் பிறந்த மாகாணத்துக்கு முதல்வராக வரும்படி ஜோன் ஏ. அழைத்தார். அவருடைய அமைச்சரவையில் கொன்சர்வேட்டிவ் தரப்பில் இருந்து வந்த மத்தியூ குரூக்ஸ் கமரோனும் இணைப்பை எதிர்த்தவரே.

அமைச்சர்கள் மொத்தம் ஐந்து பேர். சான்ட்ஃபீல்ட், கமரோன், கார்லிங், வூட், ஸ்டீபன் ரிச்சர்ட்ஸ். இரு தரப்பும் கலந்த இந்த அரசுக்கு "பேட்டன்ட் கொம்பினேஷன்" என்று பெயர் வந்தது. 1867 ஜூனில் பிரவுணின் பக்கத்தார் ரொறன்ரோவில் பெரிய மாநாடு கூட்டி, கூட்டணி இனி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை ஏற்றவர்களுக்கு சான்ட்ஃபீல்ட் லிபரல் அல்ல. சான்ட்ஃபீல்டுக்கோ, தான் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்ற நினைப்பு. பட்டியல் போடுகிறவர் இந்த இருவரில் ஒருவருடைய கண்ணால்தான் பார்க்கிறார்.

41க்கு 41 என்ற கணக்கும் இதனால்தான் வருகிறது. அது ஒட்டிய சீட்டுகளைக் கூட்டிய கணக்கு. சபைக்குள் அப்படி ஒரு சமநிலை இருக்கவே இல்லை. லிபரல் சீட்டு ஒட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் சான்ட்ஃபீல்டுக்குப் பின்னால் அமர்ந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் முதலில் ஆர்ச்சிபால்ட் மக்கெல்லரும் பிறகு எட்வேர்ட் பிளேக்கும் தலைமை தாங்கினார்கள். நடுவில் எந்தக் கயிற்றுக்கும் கட்டுப்படாத சிலர் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களை அந்தக் கால அரசியலில் "லூஸ் ஃபிஷ்" என்றார்கள், வலையில் நில்லாத மீன். அவர்களைப் பிடித்து வைக்க முதல்வரிடம் இருந்தது கட்சிக் கொறடா அல்ல, பாலமும் தெருவும் பதவியும்தான். ஸ்ட்ராத்ரோய் என்ற சிற்றூரில் இருந்து உதவி கேட்டு வந்தவர்களிடம், ஸ்ட்ராத்ரோய் எனக்கு என்ன செய்தது என்று சான்ட்ஃபீல்ட் எரிந்து விழுந்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. நாகரிகமான பேச்சு அல்ல. ஆனால் அன்றைய சபை எதனால் இயங்கியது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமானால் 1871 டிசம்பரைப் பாருங்கள். மார்ச்சில் இரண்டாவது தேர்தல் நடந்து, புதிய சபை டிசம்பர் 7ஆம் திகதி கூடியது. சான்ட்ஃபீல்ட் சிக்கனக்காரர், கஜானாவில் மிச்சம் வைத்திருந்தார். ரயில் பாதைகளுக்கு 15 இலட்சம் டொலர் ஒதுக்கி, எந்தப் பாதைக்கு எவ்வளவு என்பதை அமைச்சரவையே தீர்மானிக்கும் என்று முந்திய சபையில் சட்டம் செய்திருந்தார். பிளேக் அதைத்தான் பிடித்தார். மக்கள் பணத்தைச் சபையிடம் கேட்காமல் பங்கிடும் உரிமை யாருக்கும் இல்லை என்பது அவர் வாதம். சில தொகுதிகள் வெறுமையாக இருக்கின்றன, இடைத்தேர்தல் முடியும் வரை பொறுக்க வேண்டும் என்பது அரசின் பதில். சபை பொறுக்கவில்லை. வாக்கெடுப்புகளில் அரசு தோற்றது. அதற்கிடையில் பொருளாளர் வூட் பதவியை விட்டார். "பிக் தண்டர்", பெரிய இடி, என்று பட்டப்பெயர் பெற்ற குரல் அவருடையது. அந்த மாதம் 19ஆம் திகதி சான்ட்ஃபீல்ட் விலகினார். அடுத்த நாள் பிளேக் முதல்வர்.

அந்த வாரத்துக் குளோப்பை நான் வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எழுத்து மிகப் பொடி. பேச்சுகள் நிரல் நிரலாக ஓடி, முடிவில் இரண்டு பெயர்க் கொத்துகள் வரும். ஆதரித்தோர் ஒரு கொத்து, எதிர்த்தோர் ஒரு கொத்து. குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். ஒரே குடும்பப் பெயரில் இருவர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் தொகுதி. ஒரு தாளில் 82 பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கெடுப்பாகக் குறி போட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாக்கெடுப்பில் சில குறிகள் மறுபக்கம் நகர்ந்திருந்தன. 140 வருடத்துக்கு முந்திய மனிதர்கள் நாற்காலியை விட்டு எழும்பி நடப்பதைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

உங்களுக்கும் அந்த வழியையே சொல்வேன். சபையின் குறிப்பேடுகள் ஆண்டுதோறும் அச்சானவை, அவற்றில் வாக்கெடுப்புப் பெயர்கள் உள்ளன. பேச்சுகளுக்கு ஹன்சார்ட், அதாவது சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவு, தேடாதீர்கள். ஒன்ராறியோவில் அதிகாரபூர்வ ஹன்சார்ட் தொடங்கியது 1940களில்தான். அதற்கு முந்தியவை எல்லாம் பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிய தொகுப்புகள். அவற்றையே நம்ப வேண்டும், ஆனால் குளோப் பிளேக்கின் பக்கத்துப் பத்திரிகை என்பதை மறக்காமல் நம்ப வேண்டும். கட்சி என்ற ஒற்றை நிரலை எடுத்துவிட்டு இரண்டு நிரல் வையுங்கள்: 1867இல் எந்தப் பக்கத்து வேட்பாளர், 1871 டிசம்பரில் எந்தப் பக்கம் வாக்களித்தார். முதல் சபையோடு போய்விட்டவர்களுக்கு இரண்டாவது கட்டம் வெறுமையாக இருக்கட்டும்.


பள்ளிமணி எழுதியது:

ஐயாவின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன், நன்றி. ஆனாலும் ஒரு மறுப்பு இருக்கிறது. உயர்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். "அந்தக் காலத்தில் கட்சியே இல்லை" என்ற முடிவோடு மாணவர்கள் கிளம்பிவிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இதில் கவலை அதிகம்.

ஐயா சொன்னது சான்ட்ஃபீல்டின் நான்கு வருடங்களுக்குப் பொருந்தும். அந்த நூற்றாண்டின் மிச்சக் காலம் முழுக்க ஒன்ராறியோ சட்டசபை இரண்டு இறுகிய கட்சிகளின் களம். பிளேக் 1871 டிசம்பரில் ஆட்சிக்கு வந்தார். லிபரல்கள் அதை இழந்தது 1905இல். இடையில் ஒரு நாள்கூட கொன்சர்வேட்டிவ் முதல்வர் கிடையாது. இதில் 1872 ஒக்டோபர் முதல் 1896 ஜூலை வரை ஒரே ஆள், ஒலிவர் மோவட். நீதிபதிப் பதவியை விட்டிறங்கி முதல்வரானவர்.

வலையில் நில்லாத மீன்களை வைத்துக்கொண்டு ஒருவர் ஏறக்குறைய 24 வருடம் ஆள முடியாது. மோவட் வலையை நெய்தார். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1876 வரை மதுக்கடைக்கு உரிமம் கொடுத்தது ஊராட்சி மன்றங்கள். அந்த வருடம் அடம் குரூக்ஸ் கொண்டுவந்த சட்டம் அந்த அதிகாரத்தை மாகாண அரசு நியமிக்கும் ஆணையர்களிடம் மாற்றியது. குடியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது நல்ல சட்டம். அதோடு, உரிமத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டிய கடைக்காரர் யாருக்கு வேலை செய்வார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சான்ட்ஃபீல்ட் ஆளுக்கு ஆள் பேசி முடித்ததை மோவட் மாகாணம் முழுவதற்குமான ஒழுங்காக ஆக்கினார். மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. குளோப்புக்கு எதிராக 1872இல் மெயில் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1878இல் லண்டன் உறுப்பினர் வில்லியம் ரல்ஃப் மெரடித் எதிர்க்கட்சித் தலைவரானார், 1894 வரை அந்த இடத்தில் இருந்தார். முதல்வராகும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

கட்சி எவ்வளவு இறுகியிருந்தது என்பதற்கு 1884 மார்ச் மாதத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. மோவட்டின் பெரும்பான்மை சிறியது. சில லிபரல் உறுப்பினர்களைப் பணம் கொடுத்து இழுத்து அரசைக் கவிழ்க்கத் திட்டம் போடப்பட்டது. பணம் வாங்கிய ரொபர்ட் மக்கிம், வில்லியம் பல்ஃபோர் என்ற இருவரும் அந்தப் பணத்தைச் சபாநாயகர் சார்ள்ஸ் கிளார்க்கிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். மார்ச் 17ஆம் திகதி சபையில் அது வெளியே வந்தது. இந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பு அசையாமல் கேட்கும். சபாநாயகரின் கையில் நோட்டுகள், எதிர்வரிசையில் முகங்கள், அதை நினைத்தால் எனக்கும் இன்னும் மயிர்க்கூச்செறிகிறது. 1871இல் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு நல்ல வாதம் போதுமாக இருந்தது. பதின்மூன்று வருடத்தில் அதற்குக் காசு தேவைப்பட்டிருக்கிறது. தானாகப் பக்கம் மாறுகிற ஆள் அப்போது அரிதாகிவிட்டான்.

ஆகவே வடலி அக்கா, முதல் இரண்டு சபைகளுக்கு ஐயா சொன்ன இரட்டை நிரல் சரி. 1875 சபையில் இருந்து ஒற்றை நிரலே போதும். அப்போது ஆசனமும் 88 ஆகிவிட்டது. 1886இல் 90, 1890இல் 91, 1894இல் 94. அந்த 1894 மட்டும் கவனம். விவசாயிகளின் "பேட்ரன்ஸ் ஒஃப் இண்டஸ்ட்ரி" இயக்கம் மூன்றாவது அணியாக உள்ளே வந்தது, ஃபிரொன்டெனக்கின் ஜோசப் ஹேகொக் அதன் தலைவர். கத்தோலிக்க எதிர்ப்புச் சங்கம் ஒன்றின் ஆட்களும் சிலர் வென்றார்கள். இரண்டு சீட்டை ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றவர்களும் உண்டு. அந்தச் சபை கூடிய கட்டடமும் புதிது: 1893 ஏப்ரலில் திறந்த குயின்ஸ் பார்க், இன்று நாம் பார்க்கிற இளஞ்சிவப்புக் கல் மாளிகை.


பழைய ஏடு எழுதியது:

தம்பி சொல்வது சரி, 1875க்குப் பிறகு என் வழி தேவையில்லை. மோவட்டை நான் குறைத்தும் சொல்லவில்லை. ஆறுகளில் மரம் மிதக்கவிடும் உரிமை பற்றிய ஒன்ராறியோவின் சட்டத்தை ஒட்டாவா திரும்பத் திரும்ப ரத்துச் செய்தபோது, திரும்பத் திரும்ப அதையே நிறைவேற்றி, 1884இல் இங்கிலாந்தின் லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலிலும் (அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றம்) தன் பக்கத்தை நிலைநாட்டியவர் அவர். அதற்கு உறுதியான கட்சி பின்னால் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் 1871இல் ஒரு நல்ல வாதம் போதுமாக இருந்தது என்று எழுதினீர்கள், அங்கே நிற்கிறேன். வாதம் மட்டும் அல்ல. ரிச்சர்ட் வில்லியம் ஸ்கொட்டைப் பாருங்கள். ஒட்டாவா தொகுதியின் உறுப்பினர், கொன்சர்வேட்டிவ், கத்தோலிக்கர். பழைய மாகாணத்தில் 1863இல் கத்தோலிக்கத் தனிப் பள்ளிகளுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தவர். 1871 டிசம்பர் 7ஆம் திகதி அவரைச் சபாநாயகராகத் தெரிவு செய்தார்கள். இரண்டு வாரம்தான். அந்த மாதம் முடிவதற்குள் அவர் பிளேக்கின் அமைச்சரவையில் அரச காணிகளுக்குப் பொறுப்பான ஆணையர். சபாநாயகர் ஆசனத்தில் இருந்து இறங்கி நேரே எதிர்ப்பக்கத்து அரசின் அமைச்சர் நாற்காலிக்கு. பிளேக்குக்குக் கத்தோலிக்க வாக்கு வேண்டியிருந்தது, ஒட்டாவாப் பள்ளத்தாக்கின் மர வணிகத்தை அறிந்த ஒருவரும் வேண்டியிருந்தார். ஸ்கொட் பின்னர் லிபரல் செனட்டராக நெடுங்காலம் இருந்தார். அவரைப் பதவிக்கு மாறியவர் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மாறிய பின் மாறிய இடத்திலேயே நின்றவர்.


வடலி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டியலைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். "லிபரல்-கொன்சர்வேட்டிவ்" என்று இருந்ததை எல்லாம் கொன்சர்வேட்டிவ் என்று மாற்றி, மேலே ஒரு குறிப்பும் எழுதினேன். முதல் வரியில், சான்ட்ஃபீல்டுக்கு எதிரே, "சீர்திருத்தக்காரர், கூட்டணி அரசின் முதல்வர்" என்று போட்டிருக்கிறேன். அவர் 1872 ஜூன் 1ஆம் திகதி, பதவி போய் ஆறு மாதம் முடிவதற்குள், கோர்ன்வோலில் இறந்துவிட்டார் என்று வாசித்தபோது மனம் கனத்தது. நான்கு நாள் அந்தப் பெயரோடு இருந்துவிட்டேன் அல்லவா.

மகளிடம் இரண்டு மக்டொனால்டையும் விளக்கினேன். "இரண்டு பேரும் ஒரே பெயர், இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள், ஆனால் வேறு கட்சியா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவளுக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னும் இரண்டு கேள்விகள், அதோடு விடுகிறேன். பிளேக் முதல்வராக வந்து பத்து மாதத்தில், 1872 ஒக்டோபரில், போய்விட்டார். அவருடைய பொருளாளர் அலெக்சாண்டர் மக்கென்சியும் கூடவே போயிருக்கிறார். இதைக் கட்சி மாற்றம் என்று குறிக்க வேண்டுமா? ஸ்கொட்டுக்கு இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது? சபாநாயகராக இருந்தவர் அந்த வாக்கெடுப்புகளில் வாக்களித்திருக்க மாட்டாரே.


ஏரிக்கரை எழுதியது:

பிளேக்கும் மக்கென்சியும் மாறவில்லை அக்கா. அது நான் முதலில் சொன்ன இரட்டை உறுப்புரிமைச் சட்டம். இரண்டு சபைகளில் ஒன்றைத் தெரிவு செய் என்றபோது இருவரும் ஒட்டாவாவைத் தெரிவு செய்தார்கள். மக்கென்சி அடுத்த வருடம், 1873 நவம்பரில், கனடாவின் பிரதமரே ஆகிவிட்டார். "ஒட்டாவாவுக்குச் சென்றார், 1872" என்று எழுதினால் போதும்.


பழைய ஏடு எழுதியது:

நல்ல கேள்வி பிள்ளை. இதை நான் கூட யோசிக்கவில்லை. வாக்குகள் சமமாக வந்தால் ஒழிய சபாநாயகர் வாக்களிக்க மாட்டார், ஆகவே அந்தக் கொத்துகள் இரண்டிலும் ஸ்கொட்டின் பெயர் இராது. அவருடைய இரண்டாவது கட்டத்தில் பக்கம் எதையும் எழுதாதீர்கள். "சபாநாயகர், டிசம்பர் 7 முதல், அதே மாதம் பிளேக் அமைச்சரவையில் சேர்ந்தார்" என்று இரண்டு நிகழ்ச்சிகளையும் அப்படியே வையுங்கள். 

வூட்டின் வரியிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். 1873இல் அவர் மேற்கு டேராமில் இருந்து, பிளேக் முன்பு வைத்திருந்த தொகுதி அது, லிபரலாக ஒட்டாவாவுக்குப் போனார். அடுத்த வருடம் மனிடோபாவின் தலைமை நீதிபதி ஆனார். பட்டியலை ஏற்றியதும் இங்கே இணைப்பைப் போடுங்கள். என் தாளில் உள்ள குறிகளோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.